புரட்டாசியில் கண் திறந்த குட்டிகள்

நம் வயதுக்காரர்கள் நாலு பேர் கூடினால் ஒரு பேச்சு தவறாமல் எழுகிறது. நாம் சிறுபிள்ளைகளாக இருந்தபோது பெரியவர்களின் நெஞ்சில் ஈரம் இருந்ததாம். எறும்பு தின்னட்டும் என்று அரிசி மாவில் கோலம் இட்டார்களாம். வாயில்லா உயிருக்குத் தீங்கு நினைக்கவே மாட்டார்களாம். சென்ற வாரம் காலை நடை முடித்துப் பூங்காவில் உட்கார்ந்திருந்தபோது ஒருவர் இதைச் சொல்ல, மற்றவர்கள் தலையசைத்தார்கள். நான் தலையசைக்கவில்லை. அங்கே வாதிடவும் மனம் வரவில்லை. வீட்டுக்கு வந்து எழுதுகிறேன். அந்தப் பெரியவர்கள் எதையும் கொல்லவில்லை என்பது மெய். கொல்லாமல் என்ன செய்தார்கள் என்பதை என் பத்தாம் வயதில், மேற்குத் தாம்பரத்தில், ஒரு புரட்டாசி மாதத்தில் அருகில் நின்று பார்த்தவள் நான். பார்த்ததை மறந்துவிட்டு அவர்களைப் புகழ என்னால் முடியாது.

நாங்கள் அங்கே வாடகைக்குக் குடியிருந்தோம். வீட்டுக்காரர் பல தலைமுறையாக அந்த ஊரிலேயே வாழ்ந்த குடும்பத்தவர். ஏரிப் பாசனத்து வயல்களை மனைகளாகப் பிரித்து விற்றுவிட்டார். மாடுகளும் போய்விட்டன. கொல்லையில் மாட்டுக்கொட்டகை மட்டும் நின்றது. அதனுள் ஒரு நுகத்தடி, சக்கரம் கழன்ற ஒரு வண்டி, மூலையில் மக்கிய வைக்கோல். மழை பெய்தால் அந்த வைக்கோலிலிருந்து புளித்த மாவும் பழைய சாணமும் கலந்த ஒரு வாசனை எழும். அந்த வாசனையை அதற்குப் பிறகு நான் எங்கும் முகர்ந்ததில்லை. இன்று அங்கே நான்கு மாடிக் குடியிருப்பு நிற்கிறது. கீழ்த்தளம் முழுவதும் வண்டிகள்.

எங்கள் தெருவில் ஒரு பெண்பூனை இருந்தது. கறுப்பும் வெள்ளையுமாக இருக்கும். அது யாருடைய பூனையும் அன்று. எல்லார் வீட்டு மீன்தலையையும் தின்று வளர்ந்தது. கோவளத்துப் பக்கமிருந்து வாரத்தில் மூன்று நாள் முதல் பேருந்தில் ஒரு மீன்காரம்மா வருவாள். அவள் குரல் தெருமுனையில் கேட்கும் முன்பே அந்தப் பூனை எங்கள் வாசற்படியில் வந்து உட்கார்ந்துவிடும். அவள் கழித்துப் போடும் செதிலும் குடலும் அதற்குக் காலை உணவு. ஆவணி முடிவில் பூனையின் வயிறு தரையைத் தொடும் அளவுக்குத் தாழ்ந்திருந்தது. அதைப் பார்த்து மீன்காரம்மா என்னிடம் ஒன்று கேட்டாள்.

"ஏ பாப்பா, இது குட்டி போட்டா எனக்கு எடுத்து வையி. எலி வலையெல்லாம் கட்ச்சி வெக்குது, ஒரே பேஜாரா கீது. எத்தினி போட்டாலும் சரி. எங்க கரையில ஆளுக்கு ஒண்ணு கேக்குறாங்கோ."

எடுத்து வைக்கிறேன் என்றேன். சிறுபெண் கொடுத்த வாக்குத்தான். ஆயினும் அந்த மாதம் முழுவதும் நான் நின்றது அந்த வாக்கின்மேல்.

மறுநாள் புரட்டாசி பிறந்தது. உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. பெருமாள் மாதம், தெரு முழுவதும் நோன்பு. நாங்கள் அந்த மாதத்திலும் மீன் உண்பவர்கள்தாம்; ஆனால் வாடகை வீட்டில் வீட்டுக்காரர் நோன்பே நம் நோன்பு. அந்த மாதத்தில் மீன்காரம்மா எங்கள் தெருப்பக்கம் திரும்பமாட்டாள். ஐப்பசி முதல் நாள்தான் மறுபடி வருவாள். மனிதர்களுக்கு அது புண்ணியம். வயிற்றில் நான்கு குட்டிகளைச் சுமந்துகொண்டிருந்த பூனைக்கு அது பட்டினி. தெருவே கூடி நோன்பு நோற்றபோது, நோன்பு நோற்பதாகச் சொல்லாத ஓர் உயிரும் அதில் சேர்க்கப்பட்டிருப்பதை ஒருவரும் எண்ணிப் பார்க்கவில்லை.

இரண்டாம் சனிக்கிழமை காலையில் வீட்டுக்காரர் வீட்டில் தளிகை. பெருமாள் படத்துக்கு முன் துளசி, மாவிளக்கு, சர்க்கரைப் பொங்கல், ஒரு செம்பு நிறையக் காய்ச்சிய பால். வீட்டுக்காரர் நாமம் தரித்துக்கொண்டு வந்து பார்த்தபோது பூனை செம்புக்குள் முகத்தை விட்டிருந்தது. அவர் அடிக்கவில்லை. அவரை நான் அவதூறு செய்ய மாட்டேன். அவர் கையில் கம்பு எடுத்ததை நான் ஒருநாளும் கண்டதில்லை. பூனையைக் கொல்வது பெரும் பாவம் என்று நம்பியவர். ஆகவே ஒரு கோணிப்பையைக் கொண்டுவரச் சொன்னார். இரண்டு பேர் சேர்ந்து பூனையைப் பிடித்துக் கட்டினார்கள். அன்று அவர்கள் குடும்பத்தோடு சிங்கப்பெருமாள் கோவிலுக்குப் புறப்பட இருந்தார்கள். கோணிப்பையும் அவர்களோடு பேருந்தில் போயிற்று. நரசிம்மர் சந்நிதியில் அவிழ்த்து விட்டுவிட்டதாகவும், இனி அந்த ஜீவனைப் பெருமாள் பார்த்துக்கொள்வார் என்றும் மாலையில் வந்து எல்லாருக்கும் பிரசாதம் கொடுத்தபடி சொன்னார். நானும் கையேந்தி வாங்கித் தின்றேன்.

பால் குடித்ததை அத்தனை கூர்மையாகக் கண்ட கண்கள், இரண்டு நாளாக அதன் வயிறு வற்றியிருந்ததைக் காணவில்லை. கோணியில் திணித்த கைகள், பால் கட்டியிருந்த அதன் மடியைத் தொட்டுத்தான் திணித்திருக்க வேண்டும். தொட்டும் தெரிந்துகொள்ளவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலையில் கொட்டகையிலிருந்து ஓர் ஒலி கேட்டது. பூனைக்குரல் போலவே இல்லை; உலர்ந்த கீல் ஒன்று மெல்லத் திரும்புவது போல இருந்தது. வைக்கோலை விலக்கினேன். என் உள்ளங்கை நீளத்துக்கு நான்கு உயிர்கள். இரண்டு கறுப்பு வெள்ளை, ஒன்று சாம்பல், ஒன்று சந்தன நிறம். காதுகள் தலையோடு ஒட்டியிருந்தன. கண்கள் ஒரு கோடாக மூடியிருந்தன. தொட்டால் குளிர்ந்தன. நான் அம்மாவைக் கூப்பிட்டேன். அம்மாவுக்குப் பின்னால் வீட்டுக்காரரும் வந்தார்.

அவர் முகம் வாடியதை மறுக்கமாட்டேன். வாசலில் நின்றவர் உள்ளே வரவில்லை; நோன்பு உடம்போடு பூனையைத் தீண்டக் கூடாது. அடுத்த பேருந்தில் போய்த் தாயைத் தேடிப் பார்க்கலாமா என்று என் அம்மா மெதுவாகக் கேட்டாள். சாமிக்கு விட்டதைத் திரும்பக் கேட்பதா என்று அவர் தலையை ஆட்டினார். பிறகு தம் தீர்ப்பைச் சொன்னார்.

"கண்ணு தொறக்காத ஜீவனத் தூக்கி வெளிய போட்டா ஏழு ஜென்மத்துக்கும் வுடாது தங்கச்சி. அது வரைக்கும் கெடக்கட்டும். கண்ணு தொறந்துட்டா அதுக்கு வழி தெரியும். வர்ற சனிக்கெழமையில கோயிலாண்ட வுட்டுட்டு வந்துடுறேன். தளிகை போடுற வூட்ல இன்னொரு வாட்டி பூன நொழைய வேணாம்."

இதுதான் அந்த வீட்டுச் சட்டம். குருட்டுக் குட்டியைத் தெருவில் விடுவது பாவம். பார்வை வந்த குட்டியை விடுவது பாவம் அன்று. பல் முளைத்ததா, நக்கிக் குடிக்கத் தெரிந்ததா, நாலடி நடக்குமா என்பவை கேள்விகளே அல்ல. பாவத்துக்கும் புண்ணியத்துக்கும் நடுவே ஓர் இமைதான் எல்லை என்று நன்கு கற்ற மனிதர் ஒருவர் ஒரு கொட்டகை வாசலில் நின்று முடிவு செய்தார். தெருவில் அதைக் கேட்டவர்கள் அனைவரும் அவரை இரக்கமுள்ளவர் என்றார்கள்.

முதலில் பசும்பால் கொடுத்தோம். நான் பள்ளிக்கு எடுத்துப்போன மைக்குப்பியோடு வரும், பேனாவுக்கு மை ஊற்றும் பில்லரைக் கொதிநீரில் கழுவி, துளித்துளியாக வாயில் விட்டேன். அதன் ரப்பர் குமிழிலிருந்து நீல மையின் சாயம் முழுவதும் போகவில்லை. பாலின் முதல் துளி எப்போதும் இளநீலமாகத்தான் விழும். இரண்டாம் நாள் சாம்பல் குட்டியின் வயிறு பலூன் போல உப்பியது. பள்ளி விட்டதும் மாட்டாஸ்பத்திரிக்கு ஓடினேன். கம்பவுண்டர் சிரித்தார். இங்கே எருமைக்குத்தான் மருந்து, எலி பிடிப்பதற்கு இல்லை என்றார். நான் நகராமல் நின்றேன். அதன் பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு இரண்டு செய்திகள் சொன்னார். பசும்பால் ஆகாது, ஆட்டுப்பால் கொடு. பிறந்த குட்டி தானாகச் சிறுநீர் கழிக்காது. தாய் நக்கிவிட்டால்தான் கழிக்கும். ஆகவே ஒவ்வொரு முறை ஊட்டிய பிறகும் வெதுவெதுப்பான ஈரத்துணியால் அடிவயிற்றைத் துடைத்துவிடு. நான் வீடு திரும்பியபோது சாம்பல் குட்டி விறைத்திருந்தது. அம்மா அதை ஏற்கெனவே ஒரு வாழையிலையில் வைத்திருந்தாள்.

மற்ற மூன்றையும் சாகவிடுவதில்லை என்று அன்று தீர்மானித்தேன். தண்டவாளத்துக்கு அப்பால் ஆடு வளர்த்த வீட்டில் காலையும் மாலையும் ஓர் ஆழாக்குப் பால் வாங்கினேன். அகன்ற வாய் மருந்துப் புட்டியில் வெந்நீர் ஊற்றி, அப்பாவின் கிழிந்த பனியனில் சுற்றிக் குட்டிகளுக்கு நடுவில் வைத்தேன். அவை அதைத் தாய் என்று எண்ணிப் பனியனின் மடிப்புகளைக் காலால் பிசையும். நான் பள்ளியில் இருந்த நேரத்தில் ஊட்டியவள் என் அம்மா. அவள் அதை ஒரு நாளும் பேசியதில்லை. மதியம் வந்து பார்த்தால் குட்டிகளின் வாயோரம் துடைத்திருக்கும்; புட்டியில் புது வெந்நீர் இருக்கும். சந்தனக் குட்டிக்கு மட்டும் பில்லரின் முனையைச் சற்றுச் சாய்த்துக் கொடுக்க வேண்டும் என்பதை எனக்குக் கற்றுத் தந்தவளும் அவள்தான்.

என் அம்மாவைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். அவள் பொய் சொல்லாதவள். சிலர் பெரிய பொய்கள் சொல்வதில்லை. அவள் சிறு பொய்யும் சொல்வதில்லை. ரேஷன் கடையில் கை தவறி ஒரு பிடி சர்க்கரை அதிகமாக விழுந்தது என்று திரும்பப் போய்க் கொட்டிவிட்டு வந்தவள். வந்திருப்பவரைப் பார்க்க மனமில்லாமல் அப்பா உள்ளே படுத்துக்கொண்டு, இல்லை என்று சொல்லச் சொன்னால், இருக்கிறார், வர மனமில்லையாம் என்று சொல்லிவிடுவாள். தெருவே அதைப் பெருமையாகச் சொல்லிச் சிரிக்கும். நானும் பெருமைப்பட்டிருக்கிறேன்.

மூன்றாம் சனிக்கிழமை தப்பியது. அன்று குட்டிகளுக்கு ஒன்பது நாள். கண்கள் மூடியே இருந்தன. மறுநாள் சந்தனக் குட்டியின் இடக்கண்ணில் ஊசி நுழையும் அளவுக்கு ஒரு கீற்று. உள்ளே மழைமேக நிறத்தில் ஏதோ மினுங்கியது. அதுவரை நான் கண்டவற்றில் அதைவிட அழகான ஒன்று இல்லை. கண்டவுடன் என் உள்ளங்கையால் அதை மறைத்துக்கொண்டேன். யோசித்துப் பாருங்கள்: நான் வளர்த்த உயிர் உலகத்தை முதன்முதலாகப் பார்க்கிறது, நான் அதன் கண்ணைப் பொத்துகிறேன். ஒரு குழந்தையை இப்படி ஒரு நிலைக்குக் கொண்டுவந்து நிறுத்திய பெரியவர்களைத்தான் நாம் பூங்காவில் உட்கார்ந்து போற்றுகிறோம்.

நாட்காட்டியைப் பார்த்தேன். இன்னும் ஒரே ஒரு சனிக்கிழமை. அதற்குப் பின் ஐந்தாம் நாள் ஐப்பசி பிறக்கும், மீன்காரம்மா வருவாள். அந்தச் சனிக்கிழமையைத் தாண்டிவிட்டால் போதும். வீட்டுக்காரர் மாலைதோறும் கொட்டகை வாசலில் வந்து நின்று கேட்பார். உள்ளே வரமாட்டார் என்பது எனக்குத் துணை. ஞாயிறு, திங்கள், செவ்வாய் என்று ஒவ்வொரு நாளும், இன்னும் இல்லை என்றேன். புதன்கிழமைக்குள் ஆறு கண்களும் திறந்துவிட்டன. அவை தள்ளாடி என் மடிமேல் ஏற முயன்றன. என் முகத்தைப் பார்த்தன. நான் பொய் சொல்லிக்கொண்டே இருந்தேன்.

வெள்ளிக்கிழமை மாலை அவர் வந்தபோது அம்மா கிணற்றடியில் துணி அலசிக்கொண்டிருந்தாள்.

"இன்னா பாப்பா, தொறந்துச்சா?"

"இன்னும் இல்ல மாமா."

"ரெண்டு வாரமாச்சே. கன்னுக்குட்டி வுழும்போதே பாத்துக்கினு வுழுது."

"பூனைக்கு நாளாகும் மாமா."

"பூனைக்கு எத்தினி நாளுன்னு எனக்குப் பாடம் சொல்றியா நீ?" என்று சிரித்தார். கோபமே இல்லாத சிரிப்பு. பிறகு கிணற்றடிப் பக்கம் திரும்பினார். "தங்கச்சி, நீ சொல்லு. உன் வாயில பொய் வராது."

அம்மா கையிலிருந்த சேலையை முறுக்கினாள். நீர் முழுவதும் சொட்டித் தீரும்வரை முறுக்கினாள். நான் அவளைப் பார்த்தேன். அவள் என்னைப் பார்க்கவில்லை.

"தொறந்துடுச்சு அண்ணா."

"எத்தினி?"

"மூணும்."

ஒன்று என்று சொல்லியிருக்கலாம். தெரியவில்லை என்று சொல்லியிருக்கலாம். நான் பள்ளிக்குப் போனபிறகு அவற்றை மடியில் போட்டு ஊட்டிய அதே பெண், மூணும் என்றாள்.

நான் அவரிடம் கெஞ்சினேன். ஐந்து நாள் பொறுத்தால் மீன்காரம்மா மூன்றையும் எடுத்துப்போவாள், கொட்டகைக் கதவைச் சாத்தியே வைக்கிறேன் என்றேன். அவர் என் தலையைத் தடவினார். மீன்காரி கையில் கொடுப்பதற்கா பெருமாள் இதுகளை இத்தனை நாள் காப்பாற்றி வைத்தார் என்று கேட்டார். அவரை எதிர்த்து ஒரு சொல் சொல்லும்படி அப்பாவிடம் அழுதேன். என் அப்பா நல்லவர். வாடகைக்கு இருப்பவன் வாய் திறக்கக் கூடாது என்று நம்பிய நல்லவர். நாளை மறுநாள் என்னை அழைத்துக்கொண்டு போய்ப் பார்ப்பதாக மட்டும் சொன்னார்.

சனிக்கிழமை என்னையும் கோவிலுக்குக் கூட்டிப்போனார்கள். குட்டிகள் மூடியிட்ட ஒரு பூக்கூடையில் இருந்தன. பேருந்து பெருங்களத்தூரைத் தாண்டும்வரை கத்தின, பிறகு தூங்கிவிட்டன. கோவிலுக்கு வெளியே, பூக்கடைகளைத் தாண்டி, ஒரு மரத்தடியில் வீட்டுக்காரர் கூடையை எட்டியே நின்று சாய்த்தார். ஒரு கொட்டாங்குச்சியில் பால் வாங்கி முன்னால் வைத்தார். அவை நக்கிக் குடிக்கக் கற்றவை அல்ல. சந்தனக் குட்டி நடந்து போய்க் கொட்டாங்குச்சிக்குள் இரண்டு முன்கால்களையும் வைத்து நின்றது.

"பாரு, குடிக்குது," என்றார். கன்னத்தில் போட்டுக்கொண்டார். அவருடைய கண்கள் கலங்கியிருந்தன. அதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை. அவர் நடிக்கவில்லை. தாம் ஒரு நற்செயல் செய்துவிட்டதாக மனமார நம்பினார். நம்பிக்கொண்டே உள்ளே போய்த் தரிசனம் செய்தார். நான் வெளியிலேயே நின்று தாய்ப்பூனை எங்காவது தென்படுகிறதா என்று பார்த்தேன். இல்லை.

ஞாயிற்றுக்கிழமை அப்பா சொன்னபடி என்னை ரயிலில் அழைத்துப்போனார். மரத்தடியில் ஒன்றுமில்லை. காலையில் இரண்டைப் பார்த்ததாகப் பூக்கட்டும் பெண் சொன்னாள். இங்கே நாய்கள் அதிகம் என்றும் சொன்னாள். சொல்லும்போது அவள் கை பூத்தொடுப்பதை நிறுத்தவில்லை. அப்பா எனக்கு ஒரு வேர்க்கடலைப் பொட்டலம் வாங்கித் தந்தார். வீடு வரும்வரை அதைப் பிரிக்காமல் கையில் வைத்திருந்தேன்.

ஐப்பசி முதல் நாள். ஒரு மாதம் வாயைக் கட்டிய தெரு, விடியும் முன்பே பாத்திரத்தோடு வாசலுக்கு வந்துவிட்டது. மீன்காரம்மா அன்று இரண்டு கூடை கொண்டுவந்தாள். பெரிய கூடையில் மீன்; சிறிய ஓலைக்கூடையில் பழைய வலைத்துண்டு மெத்தை போல மடித்துப் போட்டிருந்தது. என்னைப் பார்த்ததும் அதை நீட்டினாள். நான் நடந்ததைச் சொன்னேன். அழாமல்தான் சொன்னேன் என்று நினைவு. அவள் அரிவாள்மணையைக் காலால் மிதித்தபடி முழுவதையும் கேட்டாள். அந்த நேரம் பார்த்து வீட்டுக்காரர் ஒரு பித்தளைத் தவலையோடு வந்து வஞ்சிரம் இருக்கிறதா என்று கேட்டார்.

"கீது. உனக்கு இல்ல," என்றாள்.

அவருக்குப் புரியவில்லை. விளையாட்டு என்று நினைத்துச் சிரித்தார்.

"கண்ணு தொறந்தா ஆச்சா சார்? பல்லு மொளச்சிச்சான்னு பாத்தியா? பால் குடிக்கத் தெரியாத கொயந்தைங்கள ரோட்ல குந்த வெச்சிட்டு சாமி பாத்துக்கும்ன்ற. சாமி இன்னா, நீ சம்பளத்துக்கு வெச்ச ஆயாவா?"

பாத்திரத்தோடு நின்ற பெண்களில் இருவர் முந்தானையால் வாயை மூடிக்கொண்டார்கள். அவர் முகம் சிவந்தது. தாம் கொன்றோமா, யாராவது தாம் கொன்றதைப் பார்த்தார்களா என்று கேட்டார். மீன்காரம்மா குரலை உயர்த்தவில்லை.

"கொன்னுருந்தா ஒரு நிமிசத்துல முடிஞ்சிருக்கும். தவலய எத்துக்கினு போ."

அவர் போனார். அந்தத் தெருவில் அவரிடம் எவரும் அப்படிப் பேசி நான் கேட்டதில்லை. அடுத்து நின்றவள் என் அம்மா. மீன்காரம்மா அவளுடைய பாத்திரத்தை வாங்கி வழக்கம்போல் கேளாமலே சங்கரா மீனை அள்ளினாள்.

"எனக்கும் போடாதே," என்றாள் அம்மா. "கண்ணு தொறந்துடுச்சுன்னு அவர்கிட்ட சொன்னது நான்தான்."

மீன்காரம்மாவின் கை கூடைக்கும் பாத்திரத்துக்கும் நடுவே நின்றது. அவள் அம்மாவின் முகத்தைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். மீன்களைக் கூடையிலேயே போட்டாள். பாத்திரத்தைக் கழுவித் துடைத்து அம்மாவின் கையில் கொடுத்துவிட்டு, அடுத்தவளிடம் என்ன வேண்டும் என்று கேட்டாள்.

அன்று தெரு முழுவதும் மீன் பொரியும் வாசனை. எங்கள் வீட்டில் கத்தரிக்காய்க் குழம்பு. அம்மா எனக்குப் பரிமாறிவிட்டு, தன் தட்டில் சோற்றைப் பிசைந்தபடியே உட்கார்ந்திருந்தாள். ஏன் சொன்னாய் என்று நான் அவளைக் கேட்டேன். அந்த வெள்ளிக்கிழமைக்குப் பிறகு நான் அவளோடு பேசிய முதல் சொல் அது. அவள் என் தட்டில் இன்னொரு கரண்டி குழம்பு ஊற்றினாள். வெள்ளிக்கிழமை அவளை ஒருவர் கேட்டார், அவள் சொன்னாள். அதை நான் இன்றுவரை மன்னிக்கவில்லை. ஐப்பசி முதல் நாள் அவளை யாரும் கேட்கவில்லை. கேளாமலே சொன்னாளே, அதை எங்கே கொண்டுபோய் வைப்பது என்றுதான் எனக்கு இன்னும் தெரியவில்லை.